மெழுகு உருகாத ஒரு சாண்

அத்தியாயம் 7

இந்தக் காலத்து ஆட்களைப் பற்றி மாசானத்துக்கு ஒரே அபிப்பிராயம்தான். ஆதாயம் இல்லாமல் எவனும் பொய்கூடச் சொல்வதில்லை. முன்னாலெல்லாம் மனுஷன் வாய் அரித்தால் பொய் சொன்னான், பொழுது போகாவிட்டால் சொன்னான், கேட்பவன் முகம் வாடக்கூடாதே என்றும் ஒன்றிரண்டு சொன்னான். இப்போது ஒரு பொய்யை வாயைவிட்டு இறக்குவதற்கு முன்னால், எனக்கு என்ன கிடைக்கும் என்று பார்க்கிறான். உண்மையை இறக்குவதும் அப்படியே.

முப்பத்தொரு வருஷம் தூத்துக்குடித் துறைமுக கேட்டில் வாட்ச்மேனாக நின்றவர் அவர். வேலை முடிந்து வெளியே போகிற ஒவ்வொரு சோற்றுத் தூக்கையும் கையில் வாங்குவார். திறக்கமாட்டார். எடை மட்டும் பார்ப்பார். காலித் தூக்கு கனத்தால் உள்ளே திருட்டுச் செம்புக் கம்பி. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன படிப்புக்கு அந்தக் கைதான் அவருக்குப் பட்டம். ஓய்வு பெற்ற பிறகு வக்கீல்கள் அவரை வைத்து ஆள் தேடினார்கள், சாட்சி தேடினார்கள். துப்பறிகிறவர் என்று எவனாவது சொன்னால் எரிச்சல் வரும். "நான் கேட்டுல நின்ன ஆளு. அவ்வளவுதான்" என்பார்.

அன்றைக்கு அவர் ஜெயஷீலாவின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து ஆறுமுகநேரியைத் தாண்டிக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் உப்பளம். வெயில் கண்ணைக் குத்தியது.

"ஏளா, மெதுவாப் போ. எலும்பெல்லாம் எடம் மாறுது."

"இதுக்கு மேல மெதுவாப் போனா நம்ம மேலயே உப்பு விளைஞ்சிரும், அண்ணாச்சி."

ஜெயஷீலாவுக்கு நாற்பத்தைந்து வயது. கோர்ட்டு வாசலில் இருபது வருஷம் டைப் அடித்தவள். கம்ப்யூட்டர் வந்து பிழைப்பைத் தின்றதும் மாசானத்தோடு சேர்ந்துகொண்டாள். மாசானம் எழுதினால் மாசானத்துக்கே வாசிக்க வராது. அதனால் எழுத்தும் போனும் ஸ்கூட்டரும் அவள் பொறுப்பு. வாயும்தான்.

இந்த வழக்கு மாசானத்துக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. கையில் வாங்கி எடை பார்க்க முடியாத சாமானைப் பற்றிய வழக்கு. பேட்டன்டாம். ஒருத்தன் யோசனைக்கு இன்னொருத்தன் வேலி போடுவானாம், அதற்கு கவர்மென்ட் சீல் வைக்குமாம்.

விஷயம் இதுதான். மாப்பிள்ளையூரணியில் நேசக்குமார் என்று ஒருவன் இருந்தான். நாசரேத்துக்காரன், ஐ.டி.ஐ. படித்தவன். கண்ணாடி நூல் கோத்த பிளாஸ்டிக் தகட்டில் வள்ளம் கட்டினான். கடற்கரையில் கிடக்கிற பைபர் வள்ளம் பசை ஊற்றிக் காயவைத்தது, காய்ந்தால் காய்ந்ததுதான். இந்தத் தகடு அப்படியில்லை. சூடு பட்டால் இளகும், ஆறினால் இறுகும். இரண்டு தகட்டின் ஓரங்களுக்கு நடுவே மெல்லிய எஃகு வலையை வைத்துக் கரண்ட் விடுவான். வலை பழுத்து, தகடுகள் உருகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வலை உள்ளேயே தங்கிவிடும்.

அவனுடைய கெட்டிக்காரத்தனம் அதற்கு அப்புறம்தான். ஒட்டின் மேலே மெழுகுதிரியைத் தேய்ப்பான். உள்ளே கிடக்கிற அதே வலைக்கு ஒரு கார் பேட்டரியிலிருந்து மறுபடி கொஞ்சமாகக் கரண்ட் கொடுப்பான். ஒட்டு ஒழுங்காக விழுந்த இடத்தில் சூடு மேலே ஏறி மெழுகு உருகி ஓடும். உள்ளே இடைவெளி இருந்தால் சூடு தாண்டாது. அந்த இடத்தில் மெழுகு வெள்ளையாக நிற்கும்.

2018 ஐப்பசியில், தொழில் சூடு பிடித்த நேரத்தில், அவன் கடையைப் பூட்டினான். ஏன் என்று பெண்டாட்டிக்கும் சொல்லவில்லை. சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கூலி வேலைக்குப் போனான். தனக்குத் தெரிந்ததையெல்லாம் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தான். ஆறு மாசத்தில் திரும்பி வந்து வீட்டு மூலையில் உட்கார்ந்தான். இரண்டாவது கொரோனாவில் செத்துப்போனான். மெழுகுக்குப் பதிலாகச் சூடு பார்க்கிற கேமராவை வைத்து, 2019 ஜூனில் கம்பெனி பேட்டன்டுக்கு மனுப் போட்டிருந்தது. இப்போது, கடையைத் திறந்து இரண்டு வேலையாட்களோடு வள்ளம் ஒட்டிக்கொண்டிருக்கிற அவன் பெண்டாட்டி தேவகனி மேல் வழக்கு. கடையை மூடு, எங்கள் யோசனையைத் திருடிவிட்டாய் என்று.

தேவகனியின் வக்கீல் ஒரே வழிதான் சொன்னார். 2019 ஜூனுக்கு முன்னால், நாலு பேர் பார்க்க, நேசக்குமார் இந்தச் சோதனையைச் செய்திருக்கவேண்டும். அதற்கு அத்தாட்சி வேண்டும். நாளைச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அதைக் கோர்ட்டில் கொடுக்கவேண்டும்.

தேவகனியிடம் அத்தாட்சி ஒன்றும் இல்லை. முந்தாநாள் மாசானத்தின் மேஜை மேல் ஒரு பைபிளை வைத்தாள். அதற்குள் பாதி மங்கிப்போன பஸ் டிக்கெட்டுகள், இருபத்தி மூன்று. எல்லாம் பெரியதாழைக்கு. எல்லாம் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.

"அம்மையப் பாக்க நாசரேத்து போறேன்னுதான் சொல்லிட்டுப் போவாவ, அண்ணாச்சி. பெரியதாழையில யாரு இருக்கான்னு எனக்குத் தெரியணும்."

"கேஸுக்கா, ஒனக்கா?"

அவள் வேறு எதையோ சொன்னாள். "அவியளுக்குச் சட்டைப் பித்தான்கூட நான்தான் போட்டுவிடணும். வலது கட்டைவிரல்ல நகம் கிடையாது. சூட்டுத் தகட்டுல வெந்து போச்சு, மறுபடி முளைக்கல. அப்படிப்பட்ட மனுஷன் எனக்குத் தெரியாம எங்க போனாவ?"

நீ வீட்டில் இரு, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"அப்போ சின்ன வீடுன்னே முடிவு கட்டிட்டீய" என்றாள் ஜெயஷீலா, காற்றுக்கு மேலே குரலைத் தூக்கி.

"மாசம் தவறாமப் போயிருக்கான். பொண்டாட்டிகிட்ட பொய் சொல்லிட்டுப் போயிருக்கான். பொய்னா உள்ள ஆதாயம் இருக்கும்."

"சின்ன வீட்டுக்குப் போறவன் டிக்கெட்டைப் பைபிளுக்குள்ளயா வைப்பான்? எங்க வீட்டுக்காரரு சீட்டுக்கட்டையே அரிசிப் பானையிலதான் ஒளிப்பாரு. அவருக்கு இருக்க புத்திகூட இவனுக்கு இல்லியே."

மாசானம் ஸ்கூட்டர் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ரோட்டப் பாத்து ஓட்டு" என்றார்.

*

பெரியதாழைக் கரையில் பத்து மணிக்கே மணல் சுட்டது. ஏற்றிப் போட்ட வள்ளங்களுக்கு நடுவே ஒன்று மட்டும் புத்தம்புதுசு. முன்பக்க அணியத்தில் மல்லிகைச் சரம் தொங்கியது. சாயங்காலம் பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கப் போகிறார். வள்ளத்துக்காரன் தொம்மை, ஐம்பது வயதிருக்கும், மணலில் முழங்கால் போட்டு, வள்ளத்தின் பக்கவாட்டில் ஒரு மெழுகுதிரியைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மாசானம் அப்படியே நின்றுவிட்டார்.

"தம்பி, இது என்ன வள்ளம்?"

"பைபரு."

"பசை ஊத்துனதா? உள்ள கம்பிவலை உண்டா?"

தொம்மை அவரை ஏற இறங்கப் பார்த்தான். "வள்ளத்துக்குள்ள வலை எதுக்கு? கோழியா வளக்கப் போறோம்?"

"நல்லாக் கேளுங்க" என்றாள் ஜெயஷீலா. "ஸ்கூட்டர்ல வரும்போது என்னைய இந்தப் பாடுதான் படுத்துனாரு."

"அப்போ மெழுகு எதுக்குத் தேய்க்கீரு?"

"மந்திரிப்புக்கு முந்தி தேய்க்கணும். வழக்கம்."

"யாரு வச்ச வழக்கம்?"

"வழக்கத்தை யாரு வப்பாவ? அது பாட்டுக்கு இருக்கும்."

பேசிக்கொண்டே தேய்த்துப் போனவன், அணியத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம் வந்ததும் கையை நிறுத்தினான். அங்கே மட்டும் ஒரு சாண் நீளத்துக்கு, தேய்த்த மெழுகைக் கட்டைவிரலால் வழித்துத் துடைத்தான். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அதை ஏன் துடைக்கீரு?"

"தேய்ச்சுட்டு, அந்த இடத்துல ஒரு சாணைத் துடைக்கணும். அதுவும் வழக்கந்தான்."

"ஒங்க அய்யா துடைச்சாரா?"

தொம்மை யோசித்தான். அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவனுக்கு இப்போதுதான் தெரிந்தது போலிருந்தது. "எங்கய்யா கட்டுமரம். தீர்த்தம் தெளிச்சா சரி. மெழுகு பிந்தி வந்தது. சிலுவை வள்ளத்துக்குத்தான் மொதல்ல பாத்தோம். வெளியூரு மேஸ்திரி ஒருத்தரு கட்டிக் கொண்டாந்தாரு. சிலுவை மகளுக்கு அன்னைக்கு ஞானஸ்நானம். அதை முடிச்சுட்டு சாமியாரு நேரா கரைக்கு வந்துட்டாரு. பிள்ளைக்குக் குடுத்த மெழுகுதிரியவே வாங்கித் தேய்ச்சாவ. பேட்டரிய வச்சாவ. மெழுகு தண்ணியா ஓடுச்சு. ஊரே மலைச்சுப் போச்சு. அதுலருந்து எல்லாரும் தேய்க்கோம்."

"பேட்டரி?"

"அது அவரு பேட்டரி, கொண்டு போயிட்டாரு. நமக்கு எதுக்கு? மெழுகு போதாதா?"

ஜெயஷீலா மாசானத்தின் காதுக்குக் கிட்டே வந்தாள். "பரீட்சையே எழுதாம, பேனாவுக்கு மட்டும் எட்டு வருஷமாப் பூசை போட்டுருக்காவ."

மாசானம் சிரிக்கவில்லை. ஊரறியச் செய்திருக்கிறான். ஊரே சாட்சி. ஞானஸ்நானம் என்றால் கோயில் புத்தகத்தில் தேதி இருக்கும். வழக்கு முடிந்தது. ஆனால் அவர் கண் அந்தத் துடைத்த ஒரு சாணைவிட்டு நகரமாட்டேன் என்றது.

"அன்னைக்கு அந்த ஒரு சாணைத் துடைச்சது யாரு?"

"கூட்டத்துல ஒரு கை துடைச்சுது. எவரு கண்டா?"

"சிலுவை எங்க?"

தொம்மை கடலைப் பார்த்தான். "அந்த ஐப்பசியிலயே போயிட்டான். நடுக்கடல்ல வள்ளம் வாயப் பொளந்துட்டு. மூணு பேரு நீந்தி வந்தாவ. அவனுக்குக் காலுல வலை சுத்திக்கிட்டு."

"எந்த இடத்துல பொளந்தது?"

"அணியத்துக்கிட்டன்னு சொன்னாவ."

சொல்லிவிட்டு அவன் மறுபடி மெழுகைத் தேய்க்க ஆரம்பித்தான். தன் கட்டைவிரல் இப்போதுதான் துடைத்த இடம் அதுதான் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை.

கோயில் ஆபீசில் ஜெயஷீலா பேசிய பேச்சில் கால் மணி நேரத்தில் நகல் கிடைத்தது. ஸ்டெபி, தகப்பன் சிலுவை, தாய் பனிமயம், ஞானஸ்நானம் 2018 மே 13, ஞாயிறு. பேட்டன்டு மனுவுக்கு ஒரு வருஷத்துக்கு மேலேயே முந்தின தேதி.

"இது ரெண்டாம் ஞாயிறு" என்றார் மாசானம்.

"அதனால?"

"அதே ஞாயித்துக்குத்தான் அவன் மாசாமாசம் வந்துருக்கான்."

*

பனிமயத்தின் வீடு கோயிலுக்குப் பின்னால் இருந்தது. முன்னறையில் தையல் மிஷின். அதில் பாதி தைத்த வெள்ளைக் கவுன். மிஷினை மிதித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து முப்பத்தாறு இருக்கும். சுவரில் சிலுவையின் படம், அதன் மேல் ஒரு ஜெபமாலை.

மாசானம் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கேட்டாள். "மேஸ்திரி வீட்டுலருந்து வாரீயளா?"

"எப்படித் தெரியும்?"

"என்னைக்காவது ஒருத்தர் வருவியன்னு தெரியும்."

வழக்கை ஜெயஷீலா எடுத்துச் சொன்னாள். தேவகனியின் கடை, கம்பெனி, நாளை சாயங்காலம். பனிமயம் கடைசிவரை கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். குழந்தைச் சட்டை ஒன்று, ஒரு மெழுகுதிரி, ஒரு ஆல்பம்.

"திரிய எடுத்துக்கிட்டுப் போவக்கூடாது. இன்னும் மூணு வாரத்துல பிள்ளைக்குப் புதுநன்மை, மொத நற்கருணை வாங்குதா. ஞானஸ்நானத் திரியத்தான் அன்னைக்குக் கொளுத்தணும்."

மாசானம் திரியைக் கையில் வாங்கினார். பழைய பழக்கம், எடை பார்த்தார். பிறகு வெளிச்சத்தில் திருப்பினார்.

"ஏளா, இதைப் பாரு. எரிஞ்ச திரின்னா மேலேருந்துதான் குறையும். இது பக்கத்துல குறைஞ்சிருக்கு."

ஒரு பக்கம் மட்டும் பாதி கரைந்த சோப்புக்கட்டி போலத் தேய்ந்து தட்டையாகியிருந்தது. அந்தத் தட்டையில் நீலப் பெயின்ட் துகள் ஒட்டியிருந்தது. திரியின் தலையோ கொஞ்சம்தான் கருகியிருந்தது.

"கம்பெனி வக்கீல் இதை என்ன சொல்லுவான்னு பாக்கணும்" என்று ஜெயஷீலா போனில் படம் எடுத்தாள். "ஞானஸ்நானத்தன்னைக்கு எட்டு மாசப் பிள்ளை இதைச் சோப்புன்னு தேய்ச்சுக் குளிச்சுதுன்னு சொல்லிருவானோ?"

மாசானம் ஆல்பத்தைப் புரட்டினார். சாமியார், தொட்டி, அழுகிற குழந்தை. அப்புறம் கரை. மூன்று படங்கள். ஒன்றில் நீல வள்ளம், பேட்டரி, வயர், மெழுகு தேய்த்த ஒட்டு. அடுத்ததில் மெழுகு உருகி ஒட்டு முழுக்கப் பளபளவென்று இருந்தது, ஒரே ஒரு இடம் தவிர. அணியத்துக்கு ஒரு முழம் இந்தப் பக்கம், ஒரு சாண் நீளத்துக்கு மெழுகு உருகாமல் வெள்ளையாக நின்றது. மூன்றாவது படத்தில் அந்த வெள்ளையின் மேல் ஒரு வலது கை. வேகமாகத் துடைக்கிற கை. பின்னால் நிற்கிறவர்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கட்டைவிரலில் நகம் இல்லை.

ஜெயஷீலா ஜன்னல் பக்கம் திரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். மாசானம் தலையைத் தூக்கினார். பனிமயம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் தணிந்த குரலில்.

"அவியளே வந்து சொன்னாவ. எங்க வீட்டுக்காரவியள அடக்கம் பண்ணி ஒம்பதாம் நாளு. 'ஊரு பாக்குது, மொத வள்ளம், சாமியாரு நிக்காரு. ரெண்டு நாள்ல வந்து திருப்பி ஒட்டிக் குடுத்துரலாம்னு துடைச்சுட்டேன். அன்னைக்கே இன்னும் நாலு வள்ளத்துக்குச் சொல்லிட்டாவ. இன்னைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டேன்'னு சொன்னாவ. அந்த வாசப்படியில உக்காந்து, அடிங்கன்னாவ. நான் அடிக்கல. பேசவும் இல்ல. மாசாமாசம் வந்தாவ, கல்லறைக்குப் போயிட்டு இந்தப் படியில உக்காருவாவ. ஒரு வாய்த் தண்ணி நான் குடுக்கல." அவள் கவுனின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "ரெண்டரை வருஷம். கொஞ்சங்கொஞ்சமா எனக்குக் கோவம் போயிட்டு. அடுத்த மாசம் வந்தா ஒரு வார்த்தை சொல்லிருவோம்னு நெனச்சேன். அடுத்த மாசம் வரல. பஸ் கண்டக்டருதான் சொன்னாரு, கொரோனாவுல போயிட்டாவன்னு."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

தேவகனி இறங்கினாள். வீட்டில் இரு என்றதைக் கேட்காமல், கரையில் விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறாள். கையில் அந்தப் பைபிள். மாசானத்தைப் பார்க்கவில்லை, ஜெயஷீலாவைப் பார்க்கவில்லை. மிஷினில் கிடந்த வெள்ளைக் கவுனைப் பார்த்தாள். அப்புறம் பனிமயத்தை.

"பிள்ளைக்கு எத்தனை வயசு?"

"எட்டு."

"யாரு பிள்ளை?"

ஜெயஷீலாவின் வாயில் எப்போதும் ஒன்று தயாராக இருக்கும். இப்போது இல்லை.

பனிமயம் சுவரைக் காட்டினாள். "எங்க வீட்டுக்காரவிய பிள்ளை. மேஸ்திரி இந்த வாசப்படி தாண்டி உள்ள வந்ததே இல்ல, அக்கா."

தேவகனி நிலையைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ எதுக்கு வந்தாவ?"

இதோ வருகிறது என்று மாசானம் நினைத்தார். கடையைக் காப்பாற்ற வந்த படம் புருஷனைக் கொலைகாரன் ஆக்கப்போகிறது. வெளியே போய்விடலாமா என்று பார்த்தார். வழியில் தேவகனி நின்றாள்.

பனிமயம் ஆல்பத்தை எடுத்தாள். இரண்டாவது படத்தைக் காட்டினாள். "இந்த வெள்ளை தெரியுதா? அங்க ஒட்டு விழல."

"தெரியுது. நானும் கடையில இதுதான் பாக்கேன்."

பனிமயம் மூன்றாவது படத்துக்குத் திருப்பினாள். திருப்பும்போதே அவளுடைய கட்டைவிரல் படத்தின் மேல் விழுந்தது. சரியாக அந்த நகமில்லாத விரலின் மேல். அது அங்கேயே இருந்தது.

"இது எங்க வீட்டுக்காரவிய கை" என்றாள். "மேஸ்திரி வேண்டாம்னாவ. ரெண்டு நாள் குடு, திருப்பி ஒட்டித் தாரேன்னு கெஞ்சுனாவ. விருந்தாளி வந்தாச்சு, சாமியாரு வந்தாச்சு, மானம் போவும்னு எங்க வீட்டுக்காரவிய துடைச்சுட்டாவ. அப்புறமும் மேஸ்திரி சொல்லிக்கிட்டேதான் இருந்தாவ. இவிய கேக்கல. ஐப்பசியில வள்ளம் பொளந்து போயிட்டாவ."

தேவகனி ஆல்பத்திலிருந்து கண்ணைத் தூக்கிச் சுவரிலிருந்த சிலுவையின் படத்தைப் பார்த்தாள்.

"அதுக்கா கடையப் பூட்டுனாவ?"

"தான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்னு அவியளுக்கு. அதுக்குத்தான் வருவாவ."

"அப்போ அவிய மேல குத்தம் இல்லியா?"

"இல்ல. அதை அவியகிட்ட நான் ஒரு நாளும் சொல்லல. அதுதான் என் குத்தம்."

தேவகனி தரையில் உட்கார்ந்துவிட்டாள். பைபிள் மடியிலிருந்து சரிந்து டிக்கெட்டுகள் சிதறின. அவள் பொறுக்கவில்லை.

"இந்த டிக்கெட்ட அவிய இருக்கும்போதே நான் பாத்துட்டேன்" என்றாள். "கேக்கல. கேட்டா பொய் சொல்லுவாவன்னு கேக்கல. இன்னொருத்தி இருக்கான்னே நெனச்சுக்கிட்டேன். கடைசியில ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது எனக்குக் கையை நீட்டுனாவ. நான் பிடிக்கல." தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "பிடிக்கல நான்."

ஜெயஷீலா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பனிமயம் உள்ளே போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். தேவகனி வாங்கிக் குடித்தாள். முழுவதும் குடித்துமுடிக்கும்வரை பனிமயம் பக்கத்திலேயே நின்றாள். பிறகு ஆல்பத்திலிருந்து முதல் இரண்டு படங்களை உரித்து ஜெயஷீலாவிடம் கொடுத்தாள். மூன்றாவதையும் உரித்தாள். அதைக் குழந்தைச் சட்டைக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

மெழுகுதிரியை மட்டும் தேவகனியின் கையில் வைத்தாள். "கோர்ட்டுக்குக் காட்டுங்க. புதுநன்மைக்கு நீங்களே கொண்டாந்து குடுக்கணும். வேற ஆளுகிட்ட குடுத்து அனுப்பக்கூடாது."

தேவகனி தலையை மட்டும் ஆட்டினாள்.

*

மாசானம் வாசலில் செருப்பைத் தேடினார். பனிமயம் செம்பைக் கழுவ வெளியே வந்தாள்.

"கூண்டுல ஏத்திச் சத்தியம் வாங்கிக் கேட்டா என்ன செய்வ?"

"மெழுகு தேய்ச்சாவளா, பேட்டரி வச்சாவளா, என்னைக்குன்னு கேப்பாவ. துடைச்ச கை யாருதுன்னு எதுக்குக் கேக்கப் போறாவ?"

"செத்துப்போன புருஷன் தலையில பழியத் தூக்கி வச்சிட்டியேம்மா."

"அவியகிட்ட நான் பேசிக்கிடுவேன். தினமும் பேசுதேன்."

"இதுல ஒனக்கு என்ன கிடைக்கும்?"

அவள் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

ஜெயஷீலா ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது, வாய் திரும்பி வந்திருந்தது. "தேதி இருக்கு, படம் இருக்கு, திரி இருக்கு. தொம்மை கையெழுத்துப் போடுதேன்னுட்டாரு. கேஸு நம்ம பக்கம். மூஞ்சிய மட்டும் ஏன் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி வச்சிருக்கீய?"

"எழவு வீடுதான."

"அங்க என்னத்தையோ பாத்துட்டீய. எங்கிட்ட சொல்ல மாட்டேங்கீய."

"தேவகனியப் பின்னால ஏத்திக் கூட்டிட்டுப் போ. நான் பஸ்ல வாரேன்."

"பஸ்ஸு வர ஒரு மணி நேரம் ஆவும், அண்ணாச்சி."

"ஆவட்டும்."

கரை வழியாக நடந்தார். தொம்மை வள்ளத்தின் அந்தப் பக்கத்தை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வந்திருந்தான். அணியத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது கை நின்றது. கட்டைவிரல் நீண்டது.

"ஏலே, தொம்மை. அதைத் துடைக்காத."

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் மாசானம் எல்லாவற்றையும் சொல்லவேண்டும். "சும்மாதான் சொல்லுதேன். விட்டுரு."

"வழக்கம், அண்ணாச்சி" என்றான் தொம்மை மரியாதையாக. துடைத்தான்.

மாசானம் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். பனிமயம் சொன்னதை மனசுக்குள் கையில் வாங்கி எடை பார்த்தார். பொய். அதில் சந்தேகமில்லை, நகத்தை அவர் கண்ணால் பார்த்தார். உள்ளே துழாவினார். காசு இல்லை, பேர் இல்லை, பயம்கூட இல்லை. காலித் தூக்குதான். ஆனால் கனத்தது. முப்பத்தொரு வருஷத்தில் காலித் தூக்கு கனத்து, உள்ளே ஒன்றும் இல்லாமல் போனதே கிடையாது.

எங்கேயோ ஒரு ஆதாயம் இருக்கத்தான் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், தான் சொல்வதைத் தானே நம்பாமல் நடந்தார்.